சூட்டை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்

மூளைப் புற்றுநோய்க்குச் சூடும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் குணமாகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது கேட்கிறார்கள். ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கும்போது கேட்கிறார்கள். நான் பினாங்கில் மருத்துவமனை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருடங்கள் புற்றுநோய் மருந்து கலக்கும் அறையிலேயே கழிந்தன. என் அக்கா கணவர் மூளைப் புற்றுநோயால் இறந்தவர். இரண்டும் தெரிந்தவர்கள்தான் வந்து கேட்கிறார்கள். அவர்கள் நீட்டும் கைப்பேசியில் பெரும்பாலும் ஒரு விளம்பரம் இருக்கும்: சூடேறும் பாய், சூட்டுக் கூடாரம், சிவப்பு விளக்கு அறை.

அந்த விளம்பரங்கள் சொல்வது பொய். ஆனால் எந்த அறிவியலின் பெயரை அவை கடன் வாங்கியிருக்கின்றனவோ, அது பொய் அல்ல. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் சந்தையில் நின்று பதில் சொல்ல முடியாமல் இதை எழுதுகிறேன். நம் ஊரில் வெப்ப சிகிச்சை கடையில் சுலபமாகக் கிடைக்கிறது. கிடைக்க வேண்டிய இடம் மருத்துவமனை, அதுவும் முறையான ஆய்வின் வழியாக. அங்கே அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

அத்தான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். முதலில் அவருக்குச் சொற்கள்தான் தடுமாறின. சாவி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அது, அந்தக் கதவுக்கு உள்ளது’ என்பார். காலையில் எழுந்ததும் தலைவலி வரும். வாந்தி எடுத்தால் கொஞ்சம் குறையும். வயசாகிறது, கண்ணாடியை மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் காப்பிக் கடையில் உட்கார்ந்தபடியே வலிப்பு வந்து சரிந்தார். ஸ்கேனில் இடது பொட்டுப் பக்கம் ஒரு கட்டி தெரிந்தது, ஓரம் வெளிச்சமாக, நடு இருட்டாக. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த திசு அறிக்கையில் கிளியோபிளாஸ்டோமா என்று இருந்தது.

பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் தீய கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். மிகக் கொடியதும் இதுதான். அறுவை சிகிச்சை நிபுணர் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டாலும், கட்டியின் விளிம்பைத் தாண்டி அதன் செல்கள் நல்ல மூளைக்குள் ஏற்கெனவே நடந்து போயிருக்கும். அவற்றைத் தேடி வெட்ட முடியாது. வெட்டினால் பேச்சு போகும், கை போகும்.

இன்று பினாங்கிலானாலும் சென்னையிலானாலும் லண்டனிலானாலும் இந்நோய்க்கு முதலில் கொடுக்கப்படும் சிகிச்சை 2005-இல் வகுக்கப்பட்டது. ரோஜர் ஸ்டுப் என்ற மருத்துவரின் தலைமையில் 573 நோயாளிகளை வைத்து ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு அது. அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே தினமும் டெமோசோலோமைடு கேப்சூல். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதங்களைத் தாண்டினார்கள். கேப்சூலும் சேர்ந்தபோது அது 14.6 மாதங்களானது. இரண்டு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது இரண்டரை மாதக் கணக்கு. மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டரை மாதம் எவ்வளவு பெரியது என்பதை மருந்தகச் சன்னலின் இந்தப் பக்கம் நின்று நான் பார்த்திருக்கிறேன்.

இருபது வருடமாகியும் அடித்தளம் அதுவேதான். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கேப்சூலை அக்காவிடம் கொடுத்து, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், முதலில் வாந்தி மாத்திரை, பிறகு இது, உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, கைதவறி உடைந்தால் தூளை வெறுங்கையால் தொடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அக்கா கேப்சூலையே பார்த்துக்கொண்டிருந்தார். “வயித்துக்குள்ள போறது தலைக்குள்ள எப்படிடி போகும்?” என்று கேட்டார். மருந்தியல் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் உடம்பின் மற்ற இடங்களில் இருப்பவை போல அல்ல; செல்கள் இடைவெளியின்றி ஒட்டி நின்று, இரத்தத்தில் வருவதையெல்லாம் உள்ளே விடாமல் காக்கின்றன. இரத்த-மூளைத் தடை என்று இதைச் சொல்வோம். மற்ற புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் பல நல்ல மருந்துகள் இந்தச் சுவரிலேயே நின்றுவிடும். டெமோசோலோமைடு கடந்து போகும். ஆனாலும் இரத்தத்தில் உள்ள அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மூளைத் தண்டுவட நீரில் அளக்கப்பட்டிருக்கிறது.

உள்ளே போன மருந்தும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. டெமோசோலோமைடு புற்றுச் செல்லின் டிஎன்ஏவைச் சிதைத்துத்தான் அதைக் கொல்கிறது. எம்ஜிஎம்டி என்றொரு புரதம் அந்தச் சிதைவை உடனே சரிசெய்துவிடும். சிலருடைய கட்டியில் இந்தப் புரதத்துக்கான மரபணு அடைபட்டுக் கிடக்கும். அவர்களுக்கு மருந்து நன்றாகப் பிடிக்கும். அடைபடாதவர்களுக்குப் பலன் குறைவு. மோனிகா ஹெகியின் குழு இதையும் அதே 2005-இல் காட்டியது. அத்தானின் கட்டியில் அந்த மரபணு திறந்தே இருந்தது.

ஆக, இரண்டு சிக்கல். மருந்து போதுமான அளவு உள்ளே போவதில்லை. போனதும் செல் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்கிறது. வெப்பத்தைப் பற்றி ஆய்வாளர்கள் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது இங்கேதான் புரியும்: சூடு இந்த இரண்டு சிக்கலிலும் கை வைக்கிறது.

ஏறக்குறைய 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்ட செல், டிஎன்ஏவைச் சரிசெய்வதில் தடுமாறுகிறது. டிஎன்ஏ பழுதுபார்ப்புக்குத் தேவையான பிஆர்சிஏ2 என்ற புரதம் மிதமான சூட்டிலேயே சிதைந்துவிடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். சூட்டில் இரத்த ஓட்டமும் கூடுகிறது, குழாய்ச் சுவரும் கசியத் தொடங்குகிறது. சூடு செல்லை நேரடியாகவும் கொல்லும், ஆனால் அதற்கு அளவு முக்கியம். 43 டிகிரியில் ஒரு மணி நேரம் தேவைப்படும் விளைவு 44 டிகிரியில் அரை மணி நேரத்தில் கிடைக்கும். 43-க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவைப்படும் நேரம் பல மடங்காகும். ஒரு டிகிரி வித்தியாசத்தில் சிகிச்சை வீணாகலாம், அல்லது நல்ல மூளை வெந்து போகலாம். இன்னொன்று, ஒரு முறை சூடுபட்டுப் பிழைத்த செல் அடுத்த இரண்டு மூன்று நாளைக்குச் சூட்டைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அதனால்தான் முறையான வெப்ப சிகிச்சை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவையோடு நிற்கிறது. தினமும் காலை மாலை படுங்கள் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் பாடத்தின் முதல் பக்கமே தெரியாது என்று பொருள்.

எந்த மருந்து என்பதும் முக்கியம். மருந்தாளர்கள் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் ஆசை. சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின், ஐஃபோஸ்ஃபமைடு போன்றவை சூட்டில் வீரியம் கூடுபவை. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றுக்குச் சூட்டால் பெரிய லாபம் கிடைப்பதில்லை. சூடும் மருந்தும் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். காலையில் மருந்து, மறுநாள் மாலையில் சூடு என்றால் கூட்டு அங்கேயே முறிந்துவிடும். ‘கீமோவும் எடுத்துக்கொள்ளுங்கள், சூடும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது மருத்துவமே அல்ல.

காய்ச்சல் நோயைக் கொல்லும் என்ற எண்ணம் பழையது. இங்கே ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டன்மார் மலேரியாவுக்குச் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக் என்ற மருத்துவர் மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு மலேரியா இரத்தத்தையே ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்தார். அது 1917. பத்து வருடத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய நோயாளிகளில் சிலர் அந்த மலேரியாவிலேயே இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சூட்டையும் மருந்தையும் சேர்த்ததற்கு இன்று நம்மிடம் இருக்கும் மிக உறுதியான சான்று மூளையிலிருந்து வரவில்லை. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் சார்கோமாவிலிருந்து வந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ரோல்ஃப் இசெல்ஸ் தலைமையில் 341 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், இன்னொன்றுக்கு மருந்தோடு அந்த இடத்தில் வெளியிலிருந்து ஆழ்சூடு. 2018-இல் வெளியான நீண்டகால முடிவின்படி, பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து மட்டும் பெற்றவர்களில் 42.7 விழுக்காடு, சூடும் பெற்றவர்களில் 52.6 விழுக்காடு. மும்பை நானாவதி மருத்துவமனையில் நாகராஜ் ஹுயில்கோல் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சூட்டைச் சேர்த்து நடத்திய ஆய்வும் 2010-இல் வந்தது. கட்டி முழுவதும் மறைந்தவர்கள் சூடு பெற்ற பிரிவில் தெளிவாகக் கூடுதலாக இருந்தார்கள். தொடைக்கும் கழுத்துக்கும் மண்டை ஓடு இல்லை. அங்கே சூட்டை உள்ளே அனுப்புவதும் அளப்பதும் எளிது.

மூளையில் முதல் பெரிய முயற்சி சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. பென்னி ஸ்னீட் குழுவினர், கட்டிக்குள் வைத்த கதிரியக்க விதைகளோடு மெல்லிய குழாய்கள் வழியாகச் சூட்டையும் கொடுத்தார்கள். 1998-இல் வெளியான முடிவில், இரண்டு வருடம் தாண்டியவர்கள் 15 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடானார்கள். பக்கவிளைவுகளும் சூடு பெற்ற பிரிவில் கூடுதல். அந்தக் கதிரியக்க விதை முறையே பிறகு வழக்கொழிந்தது. சூடும் அதோடு பின்னுக்குப் போனது.

அடுத்து பெர்லின். ஆண்ட்ரியாஸ் யோர்டான் உருவாக்கிய முறையில், இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் கலந்த திரவத்தை ஊசியால் நேராகக் கட்டிக்குள் செலுத்துவார்கள். பிறகு நோயாளியின் தலையைச் சுற்றி வேகமாக மாறும் காந்தப்புலத்தைக் கொடுத்தால் துகள்கள் மட்டும் சூடேறும். நம் சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பில் கண்ணாடித் தட்டு சூடாகாமல் இரும்புச் சட்டி மட்டும் காய்கிறதே, ஏறக்குறைய அது போலத்தான். இந்த முறைக்கு 2010-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. நோய் திரும்பி வந்த 59 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு இதையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்ததில், நோய் திரும்பிய நாளிலிருந்து பாதிப் பேர் 13.4 மாதங்களைத் தாண்டினார்கள் என்று 2011-இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு அந்த ஆய்வில் இல்லை. துகள்கள் தலைக்குள்ளேயே தங்கிவிடுவதால் அதன் பிறகு எம்ஆர்ஐ எடுத்தால் கட்டி இருக்கும் இடம் சரியாகத் தெரியாது. பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் அதை எடுத்தாக வேண்டும். அந்த முறையைச் சந்தைப்படுத்திய நிறுவனம் 2022-இல் நொடித்துப்போனது.

அத்தானுக்கு நான் விரும்பியிருக்கக்கூடிய முறை லேசர். மண்டை ஓட்டில் ஒரு சிறு துளை போட்டு மெல்லிய லேசர் இழையைக் கட்டிக்குள் நுழைத்து, எம்ஆர்ஐ கருவிக்குள் நோயாளி இருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலையைத் திரையில் பார்த்துக்கொண்டு சூடாக்குவார்கள். நடுப்பகுதி வெந்து அழியும். விளிம்பில் நடப்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எரிக் லூட்ஹார்ட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சூடுபட்ட இடத்தைச் சுற்றி இரத்த-மூளைத் தடை சில வாரங்களுக்குத் திறந்து கிடந்து, பிறகு நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் மூடிக்கொள்வதைக் கண்டார்கள். கட்டியின் செல்கள் நடந்து போய் ஒளிந்திருக்கும் அதே விளிம்பு. சாதாரணமாக மூளைக்குள் நுழையாத டாக்சோருபிசின் போன்ற மருந்தை அந்தச் சில வாரங்களுக்குள் அனுப்பிவிட முடியுமா என்று பார்ப்பதே அவர்கள் எண்ணம். அக்கா கேட்ட கேள்விக்கு மருத்துவம் தேடிக்கொண்டிருக்கும் பதில் இது.

தோல்வியையும் எழுதியாக வேண்டும். சூடுபட்டால் உடைந்து மருந்தைக் கொட்டும் கொழுப்புக் குமிழிக்குள் டாக்சோருபிசினை அடைத்து, தெர்மோடாக்ஸ் என்று பெயரிட்டு, கல்லீரல் புற்றுநோய்க்குப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஆய்வுக்கூடத்தில் அழகாக வேலை செய்த யோசனை. 2013-இல் எதிர்பார்த்த பலன் இல்லை என்று முடிவு வந்தது. திருத்தி நடத்திய அடுத்த ஆய்வும் 2020-இல் கைகொடுக்கவில்லை. தட்டில் வளர்த்த செல்லைக் கொல்வது வேறு, மனிதரைப் பிழைக்க வைப்பது வேறு. இடையில் உள்ள தூரத்தை ஆய்வு நடத்தித்தான் கடக்க வேண்டும்.

இனி அந்தச் சூடேறும் பாய்க்கு வருகிறேன்.

அக்காவுக்கு அதை விற்றவர் நன்றாகப் பேசினார், மரியாதையாகவும் பேசினார். “43 டிகிரியில புற்றுநோய் செல் தாங்காதும்மா, ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சது” என்றார். பாதி உண்மை. அக்கா இபிஎஃப் சேமநிதிப் பணத்திலிருந்து மூவாயிரம் வெள்ளிக்கு மேல் எடுத்துக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் சண்டை போட மனம் வரவில்லை. கணவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் ஒருத்தியிடம் மருத்துவமனை ‘காத்திருங்கள்’ என்கிறது, கடைக்காரர் ‘இன்றே செய்யலாம்’ என்கிறார்.

உடம்புக்கு அடியில் விரிக்கும் பாயின் சூடு மூளைக் கட்டிக்குப் போகாது. நம் உடம்பின் முழு வேலையுமே அதைப் போகவிடாமல் தடுப்பதுதான்: வியர்க்கும், தோலுக்கு இரத்தம் பாயும், சூடு வெளியேறும். எல்லாத் தடையையும் மீறி மூளை முழுவதும் 43 டிகிரிக்குப் போய்விட்டால் அது வெப்பத்தாக்கம். உடல்சூடு 40 டிகிரியைத் தாண்டினாலே ஆளை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முறையான சிகிச்சையில் சூடாவது கட்டி மட்டும், அதையும் உள்ளே வைத்த உணர்கருவியோ எம்ஆர்ஐயோ நொடிக்கு நொடி அளந்துகொண்டிருக்கும்.

பலன் இல்லை என்பதோடு போயிருந்தால் பணம் போயிற்று என்று விட்டிருப்பேன். டெமோசோலோமைடு வெள்ளணுக்களைக் குறைக்கும். அந்த நோயாளிக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லி அனுப்புவேன், அக்காவுக்கும் சொன்னேன். பாயில் படுத்து எழுந்த அத்தானின் உடம்பு கொதித்தபோது, பாயின் சூடு என்று அக்கா நினைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நுரையீரலில் கிருமித் தொற்று. அத்தான் அதில் பிழைத்துக்கொண்டார். பிறகு கட்டி திரும்ப வளர்ந்துதான் இறந்தார். ஆனால் அந்தத் தொற்றால் கேப்சூல் தள்ளிப்போனது, கை கால் நன்றாக இருந்த வாரங்கள் வார்டில் கழிந்தன. அந்த வாரங்களை அவருக்குத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1956-இல், மருந்து விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம் வந்துவிட்டது. புற்றுநோய் உட்பட அட்டவணையில் உள்ள நோய்களைத் தடுக்கும், தீர்க்கும் என்று மருந்தையோ கருவியையோ பரிகாரத்தையோ பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. கருவி என்ற சொல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் பாயும் அதில் அடங்கும். அச்சுப் பத்திரிகைக்காக எழுதிய சட்டம் இன்று வாட்ஸ்அப் குழுவில் வரும் காணொளியைத் துரத்த முடியாமல் நிற்கிறது. சுகாதார அமைச்சு இதற்கென்று ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். தமிழிலும் ஹொக்கியனிலும் வரும் விளம்பரங்களைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அந்தப் பணியில் இருக்க வேண்டும். நம் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் மண்டபத்தை வாடகைக்கு விடும்போது உள்ளே என்ன விற்கப் போகிறார்கள் என்று கேட்கட்டும்.

தடை மட்டும் போதாது. பாயை வாங்கியவள் என் அக்கா, அவள் முட்டாள் அல்ல. “வேற என்ன இருக்கு?” என்று அவள் கேட்டபோது கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் காட்டிய மருத்துவர்களிடம் வெப்ப ஆய்வு ஏதாவது இங்கே உண்டா என்று கேட்டேன். அனுதாபத்தோடு தலையாட்டினார்கள், இல்லை என்று.

பினாங்கு ஏன் இதைச் செய்யக் கூடாது? மேடானிலிருந்து விமானம் ஏறி நம் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பொது மருத்துவமனையில் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தஞ்சோங் பூங்காவில் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை பல பத்தாண்டுகளாகப் புற்றுநோயாளிகளைப் பார்த்துவருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாளா பத்தாஸில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கழகம் கதிர்வீச்சுப் பிரிவோடு இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் கெலுகோர் வளாகத்தில் மருத்துவ இயற்பியல் கற்றுத் தருகிறார்கள். வெப்பத்தை டிகிரி டிகிரியாக அளக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தபோதே வந்த தொழிற்சாலைகளில் ஒன்று மருத்துவக் கருவி செய்யும் பி. பிரவுன். உலகம் முழுவதும் நோயாளிகளின் உடம்புக்குள் போகும் குழாய்களை நம் பெண்கள் மூன்று ஷிஃப்டில் இங்கே செய்கிறார்கள். அவர்களுக்கே தலையில் கட்டி வந்தால் சூடேறும் பாய்தான் கிடைக்கும் என்பது எந்த ஊர் நியாயம்?

பணம் இல்லை, ஸ்கேனுக்கே காத்திருக்கிறார்கள், இதில் புதுச் சிகிச்சை ஒரு கேடா என்று பொது மருத்துவமனையில் இன்னும் வேலை பார்க்கும் என் தோழி கேட்கிறாள். அவள் படும் பாடு எனக்குத் தெரியும், அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் நான் கேட்பது சிகிச்சையை நாளைக்கே எல்லாருக்கும் திறந்துவிட அல்ல. பலன் உண்டா இல்லையா என்று பார்க்கும் ஆய்வில் நம் ஆட்களுக்கும் இடம் வேண்டும் என்றுதான். மருந்து, கருவி நிறுவனங்களின் ஆய்வுகளை நம் மருத்துவமனைகளுக்குக் கொண்டு வரவே சுகாதார அமைச்சின் கீழ் 2012-இல் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நிறுவனம் பணம் போடும். மருத்துவமனை ஆளும் ஒழுங்கும் போட வேண்டும். முடிவு ‘பலன் இல்லை’ என்று வந்தாலும் எனக்குச் சம்மதம். அப்படி ஒரு முடிவு கையில் இருந்தால், அடுத்த அக்காவிடம் நான் ஊகமாக இல்லாமல் உறுதியாகப் பேசலாம்.

அதுவரை, சூடு சேர்த்துக் கொடுக்கிறோம் என்று யார் சொன்னாலும், மும்பையானாலும் பெர்லினானாலும் பக்கத்துத் தெருவானாலும், குடும்பத்தார் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கட்டிக்குள் வெப்பநிலையை எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்த மருந்தோடு, எத்தனை மணி நேர இடைவெளியில் என்று கேளுங்கள். ஆய்வு என்றால் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். உண்மையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். கேப்சூலை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வடக்கில் அப்படி ஓர் ஆய்வு தொடங்கும் நாளில், அதை வரைபவர்களுக்கு ஒரு மருந்தாளரின் விண்ணப்பம். கூலிமிலிருந்தும் பாலிங்கிலிருந்தும் வருபவருக்குப் பஸ் காசும், கூட வரும் மனைவிக்கு அன்றைய சம்பளமும் ஆய்வுச் செலவில் சேரட்டும். இல்லாவிட்டால் தீவில் வீடு உள்ளவர்கள் மட்டுமே சேருவார்கள். சம்மதப் படிவம் தமிழிலும் இருக்கட்டும், பேச்சு தடுமாறும் நோயாளிக்கு ஒரு தாதி உட்கார்ந்து படித்துக் காட்டும் அளவுக்கு எளிமையாக. துகளைத் தலைக்குள் செலுத்தும் முறையானால், இனி எம்ஆர்ஐயில் கட்டி சரியாகத் தெரியாது என்ற வரியைப் பின்னால் சின்ன எழுத்தில் போடாமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.